ரோவெல் ரோடு ஞாயிறு ஆங்கில வகுப்பு: எட்டு வாரம் போய்வந்தவனின் கருத்து

ஏன் போனேன் என்பதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதே காரணம் உங்களுக்கும் இருந்தால்தான் இந்த வகுப்பு உதவும். நான் கட்டுமானத் தளத்தில் சேஃப்டி சூப்பர்வைசர். சிங்கப்பூருக்கு வந்து பதினாறு வருடம் ஆகிறது. பேசுவதில் எனக்குப் பெரிய சிக்கல் கிடையாது, தளத்தில் சீன ஃபோர்மேன், பங்களாதேஷ் தம்பிகள், மியன்மார்காரர்கள் எல்லோரிடமும் காலை முதல் இரவு வரை இங்கிலீஷில்தான் வேலை வாங்குகிறேன். சிக்கல் எழுத்தில்தான்.

சென்ற ஆண்டு ஒரு நாள், கால் வளைந்துபோன அலுமினிய ஏணி ஒன்றை ஓரமாக எடுத்து வைத்து, இனி யாரும் அதைத் தொடக் கூடாது என்று டூல்பாக்ஸ் மீட்டிங்கில், அதாவது வேலைக்கு முன் நடக்கும் பாதுகாப்புக் கூட்டத்தில், சொல்லிவிட்டு, அன்றைய அறிக்கையில் "வீ ஸ்டாப்ட் டு யூஸ் தி லேடர்" என்று எழுதினேன். ஏணியைப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டோம் என்பதுதான் என் மனதில் இருந்தது. மெயின்கான் (முதன்மை ஒப்பந்த நிறுவனம்) அலுவலகத்தில் அதைப் படித்தவருக்கோ, ஏணியைப் பயன்படுத்துவதற்காக மற்ற வேலையை நிறுத்தினோம் என்று புரிந்திருக்கிறது. மறுநாள் காலையில் கூப்பிட்டு, கெட்டுப்போன ஏணியில் ஏன் ஆளை ஏற்றினாய் என்று கேட்டார். விளக்கிச் சொல்ல அரை மணி நேரம் ஆனது. யாரும் ஏறவில்லை, யாருக்கும் அடிபடவில்லை, ஆனாலும் பாதுகாப்பு அறிக்கையில் நான் எழுதிய ஒரு வரி நேர் எதிராகப் படிக்கப்படும் என்ற நினைப்பு என்னை இரண்டு நாள் தூங்க விடவில்லை.

வீட்டில் மகளிடம் காட்டினேன். பிரைமரி 5 படிக்கிறாள், இங்கேயே பிறந்தவள். "அப்பா, அது ஸ்டாப்ட் யூஸிங்" என்று உடனே சொன்னாள். ஏன் என்று கேட்டால், "அப்படித்தான் வரும்பா, நீங்க எழுதினது வேற அர்த்தம்" என்றாள், அதற்கு மேல் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. அவளுக்குக் காது சொல்லிக் கொடுத்திருக்கிறது. எனக்குக் காரணம் தெரிந்தால்தான் கை எழுதும்.

அப்புறம் ஒரு டியூஷன் நிலையத்தில் சேர்ந்தேன், பெயர் வேண்டாம். 380 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). ஜெரண்ட், இன்ஃபினிட்டிவ் என்று இரண்டு பத்தி போட்ட ஒரு தாளைக் கொடுத்தார்கள். என்ஜாய், அவாய்ட், ஃபினிஷ், மைண்ட் எல்லாம் ஒரு பக்கம், அதற்குப் பின்னால் வரும் வினை ரீடிங் மாதிரி இங் என்று முடியும், அது ஜெரண்ட். வான்ட், டிசைட், ஹோப், ரெஃப்யூஸ் எல்லாம் இன்னொரு பக்கம், அதற்குப் பின்னால் டு ரீட் மாதிரி டு வரும், அது இன்ஃபினிட்டிவ். மனப்பாடம் பண்ணுங்கள் என்றார்கள், பண்ணினேன். இரவு பத்து மணிக்கு லாரியில் திரும்பி வந்து அறிக்கை எழுதும்போது எந்தச் சொல் எந்தப் பத்தி என்று தேடுவதற்குள் அன்று நடந்ததே மறந்துபோகும். இரண்டும் வரும், ஆனால் பொருள் மாறும் என்று மூன்றாவதாக ஒரு சின்னப் பட்டியல் இருந்தது, ஸ்டாப் அதில்தான் இருந்தது. நேரமில்லை, வீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அதை மட்டும் விட்டுவிட்டார்கள். எனக்கு வேண்டியது அந்த அரைப் பக்கம்தான்.

ரோவெல் ரோட்டில் ஞாயிற்றுக்கிழமை ஒரு அம்மா வகுப்பு எடுக்கிறார் என்று எங்கள் டார்மிட்டரியில் முன்பு தங்கியிருந்த ஒரு அண்ணன் சொன்னார். பழைய கடைவீட்டின் இரண்டாம் மாடி, பன்னிரண்டு நாற்காலி, ஒரு வெள்ளைப் பலகை. எட்டு வாரத்துக்கு 160 வெள்ளி, நகலெடுத்த தாள்களும் அதிலேயே அடக்கம். டீச்சர் ஓய்வு பெற்றவர், தன் பெயர் எங்கேயும் வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் எழுதவில்லை.

முதல் நாள் அவர் பலகையில் ஆங்கிலமே எழுதவில்லை. இரண்டு தமிழ் வாக்கியம் எழுதினார்.

அவர் புகைப்பதை நிறுத்தினார்.
அவர் புகைக்க நின்றார்.

"என்ன வித்தியாசம், சொல்லுங்க" என்றார். பின்வரிசையில் இருந்த ஒருவர், "முதல் ஆள் விட்டுட்டார் டீச்சர், ரெண்டாவது ஆள் பத்த வைக்கப் போறார்" என்றார். டீச்சர் திரும்பி, முதல் வரிக்குக் கீழே "ஹீ ஸ்டாப்ட் ஸ்மோக்கிங்", இரண்டாவதுக்குக் கீழே "ஹீ ஸ்டாப்ட் டு ஸ்மோக்" என்று எழுதினார். எனக்கு அந்த ஏணி கண்முன்னே வந்து நின்றது. பயன்படுத்துவதை நிறுத்தினோம், பயன்படுத்த நின்றோம். தமிழில் இதை நான் ஒரு நாளும் மாற்றிச் சொன்னதில்லை.

இதுதான் இந்த வகுப்பின் முதுகெலும்பு, இதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். தமிழில் நமக்கு இரண்டு வடிவம் இருக்கிறது. 'செய' ஒன்று: போக, வர, பூட்ட, சொல்ல. பள்ளியில் 'செய' என்னும் வாய்பாட்டு வினையெச்சம் என்று படித்தோமே, அதுதான். இன்னொன்று தொழிற்பெயர்: போவது, போனது, போகுதல், பூட்டியது. செயலையே ஒரு பொருள் மாதிரி கையில் எடுத்து ஐ, கு எல்லாம் ஒட்டலாம், போவதை, போனதற்கு என்று. ஆங்கிலத்தின் டு வடிவம் பெரும்பாலும் நம் 'செய' பக்கம் நிற்கிறது, இங் வடிவம் பெரும்பாலும் தொழிற்பெயர் பக்கம் நிற்கிறது. அப்படியே ஒட்டாது, அதற்குப் பிறகு வருகிறேன். ஆனால் பொருள் மாறும் சொற்களில் ஆச்சரியமான அளவுக்கு ஒட்டுகிறது.

"கதவைப் பூட்ட மறந்துவிட்டேன்" என்றால் கதவு திறந்தே கிடக்கிறது, ஃபர்காட் டு லாக். "பூட்டியதை மறந்துவிட்டேன்" என்றால் பூட்டியாயிற்று, நினைவில்தான் இல்லை, ஃபர்காட் லாக்கிங். ரிமெம்பரும் இப்படியே. "தெரிவிக்க வருந்துகிறோம்" என்று கடிதம் வந்தால் அது ரிக்ரெட் டு இன்ஃபார்ம், கெட்ட செய்தி அடுத்த வரியில் வரப்போகிறது. "அவனிடம் சொன்னதற்கு வருந்துகிறேன்" என்றால் ரிக்ரெட் டெல்லிங், சொல்லி முடித்தாயிற்று. "தூக்க முயன்றேன்" ட்ரைட் டு லிஃப்ட், முடிந்ததோ இல்லையோ பலம் போட்டேன். "தூக்கிப் பார்த்தேன்" ட்ரைட் லிஃப்டிங், தூக்கினால் என்ன ஆகிறது என்று சோதித்தேன், இங்கே மட்டும் தமிழில் தொழிற்பெயர் இல்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஒத்துக்கொள்வது. "வர ஒத்துக்கொண்டான்", "எடுத்ததை ஒத்துக்கொண்டான்". தமிழில் ஒரே வினை. ஆங்கிலத்தில் முதலாவது அக்ரீட் டு கம், இரண்டாவது அட்மிட்டட் டேக்கிங். நாம் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு வடிவத்தால் பிரிக்கிறோம், அவர்கள் சொல்லையும் மாற்றி வடிவத்தையும் மாற்றுகிறார்கள். அக்ரீ எந்தப் பத்தி, அட்மிட் எந்தப் பத்தி என்று நான் பட்டியலில் தேடிக்கொண்டிருந்த விஷயம் என் வாயிலேயே இருந்திருக்கிறது.

ஏன் அப்படி என்பதற்கு டீச்சர் சொன்ன விளக்கமும் நன்றாக மனதில் நிற்கிறது. டு என்பது முதலில் திசை காட்டும் சொல், கோ டு தேக்கா என்கிறோமே அதே டு. அதனால் வான்ட், ஹோப், பிளான், டிசைட், பிராமிஸ் மாதிரி சொற்களில் செயல் இன்னும் முன்னால் இருக்கிறது, நாம் அதை நோக்கிப் போகிறோம். என்ஜாய், ஃபினிஷ், கீப், மிஸ், டினை போன்றவற்றில் செயல் ஏற்கெனவே நடக்கிறது அல்லது நடந்துவிட்டது, கையில் இருக்கும் ஒரு பொருள் போல அதைப் பற்றிப் பேசுகிறோம். எம்ஆர்டி நிலையத்தில் தொங்கும் பலகையை நினைத்துப் பாருங்கள் என்றார். நோ ஸ்மோக்கிங் அபராதம் 1000 வெள்ளி, நோ ஈட்டிங் ஆர் டிரிங்கிங் 500 வெள்ளி. நோ பார்க்கிங், நோ ஃபிஷிங் எல்லாம் அந்த ரகம்தான், செயலுக்கு வைத்த பெயர்கள். பதினாறு வருடமாக ஜெரண்டைப் பார்த்துக்கொண்டேதான் ரயில் ஏறியிருக்கிறேன்.

சரி, எங்கே ஒட்டாது? நான்காவது, ஐந்தாவது வாரம் முழுக்க இதுதான், வகுப்பின் மிகச் சிறந்த பகுதியும் இதுதான் என்பேன். தமிழை நம்பிப் போனால் எங்கெங்கே வழுக்கும் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார்.

"எனக்குப் படிக்கப் பிடிக்கும்" என்று நாம் 'செய' போடுவதால் என்ஜாய் டு ரீட் என்று கை போகிறது. அது என்ஜாய் ரீடிங். "ஓட்டப் பழகுகிறேன்" என்பதால் பிராக்டிஸ் டு டிரைவ் வருகிறது, அது பிராக்டிஸ் டிரைவிங். "பார்க்க விடு" என்பதால் லெட் மீ டு சீ வருகிறது, லெட்டுக்கும் மேக்குக்கும் பின்னால் டுவும் கிடையாது, இங் வடிவமும் கிடையாது, லெட் மீ சீ என்று மொட்டையாக நிற்கும். ஹெல்ப் மட்டும் இரண்டுக்கும் இடம் கொடுக்கும், ஹெல்ப் மீ கேரி என்றாலும் ஹெல்ப் மீ டு கேரி என்றாலும் சரி.

நம் ஆட்கள் எல்லோரும் செய்கிற தவறு ஒன்று, நானும் வருடக் கணக்கில் எழுதியிருக்கிறேன். "ஆணி வாங்குவதற்காகக் கடைக்குப் போனான்" என்பதை ஹீ வென்ட் டு தி ஷாப் ஃபார் பையிங் நெயில்ஸ் என்று எழுதுவது. வாங்குவது தொழிற்பெயர், அதனால் பையிங், 'அதற்காக' என்பதால் ஃபார். கணக்கு நேராகத்தான் போட்டிருக்கிறோம், விடைதான் தவறு. ஒருவர் எதற்காக ஒன்றைச் செய்தார் என்று சொல்ல ஆங்கிலத்தில் டு போதும், வென்ட் டு பை நெயில்ஸ். ஃபார் பையிங் என்பது வேறு இடத்தில் வரும், ஒரு பொருள் எதற்குப் பயன்படும் என்று சொல்லும்போது: திஸ் நைஃப் இஸ் ஃபார் கட்டிங் ரோப், இந்தக் கத்தி கயிறு அறுக்க. இந்த ஒன்றை விளக்க அவர் முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார், எங்கள் பழைய மின்னஞ்சல்களைக் கொண்டுவரச் சொல்லி, அதில் ஃபார் போட்ட வரிகளை எங்களையே அடிக்கோடு போட வைத்தார். என் ஒரு பக்க மின்னஞ்சலில் நான்கு இருந்தன.

லுக் ஃபார்வர்டு டு சீயிங் யூ என்பது இன்னொன்று. டு பக்கத்தில் இங் வருவது எனக்கு எப்போதும் தவறாகவே பட்டது, நான் சீ என்றே எழுதிவந்தேன். அவர் கொடுத்த சோதனை எளிது. டுவுக்குப் பின்னால் ஒரு பெயர்ச்சொல்லை வைத்துப் பார்ப்பது. லுக் ஃபார்வர்டு டு தி மீட்டிங் என்று நிற்கிறதா? நிற்கிறது. அப்படியானால் அந்த டு இன்ஃபினிட்டிவ் டு இல்லை, வெறும் வேற்றுமைச் சொல், பின்னால் செயல் வந்தால் இங் போட்டுத்தான் வர வேண்டும். ஐயாம் யூஸ்டு டு தி ஹீட், வெயில் பழகிவிட்டது, அதனால் யூஸ்டு டு வொர்க்கிங் அட் நைட், இரவு வேலை பழகிவிட்டது. ஐ யூஸ்டு டு வொர்க் அட் நைட் என்றால் முன்பு செய்தேன், இப்போது இல்லை. நம் சிஃப்ட் விவரம் எழுதும்போது இந்த இரண்டும் மாறினால் ஆள் இப்போது எந்த சிஃப்ட் என்பதே மாறிப்போகும்.

சாட்சி அறிக்கை எழுதுகிறவர்களுக்கு இதையும் சொல்ல வேண்டும். ஐ சா ஹிம் கிளைம்ப் தி ஸ்கஃபோல்ட் என்றால் சாரத்தில் அவர் ஏறியதை முழுதாகப் பார்த்தேன். கிளைம்பிங் என்றால் ஏறிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன், மேலே போய்ச் சேர்ந்தாரா என்று இந்த வரி சொல்லாது. இது வகுப்புத் தாளில் இல்லை, நான் கேட்டதால் டீச்சர் சொன்னார். விசாரணையில் இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று என் வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

குறைகளும் இருக்கின்றன. முதல் குறை, விதிவிலக்குகளை மிகவும் தாமதமாகச் சொன்னார். டு என்றால் முன்னால் இருப்பது, இங் என்றால் கையில் இருப்பது என்று மூன்றாம் வாரம் கேட்டுவிட்டு, அந்த வாரமே தைரியமாக ஐ சஜஸ்ட் டு சேஞ்ச் தி ரோப் என்று எழுதி அனுப்பினேன். மாற்றப்போவது இனிமேல்தானே. தவறு, சஜஸ்ட் சேஞ்சிங் தான் சரி. போகும்படி எனக்கு யோசனை சொன்னார் என்ற பொருளில் ஹீ சஜஸ்டட் மீ டு கோ என்று நம்மில் பலர் சொல்வதும் தவறு, "போகச் சொன்னார்" என்பதிலிருந்து வருகிறது அது. போஸ்ட்போன், அவாய்ட், கன்சிடர் எல்லாமே இனிமேல் நடக்கக்கூடிய செயலைப் பற்றியவை, ஆனாலும் இங்தான் கேட்கும். மேனேஜ் தலைகீழ், வி மேனேஜ்ட் டு ஃபினிஷ் என்றால் வேலை முடிந்தேவிட்டது, இருந்தும் டு. ஆறாம் வாரம் இதைச் சொன்னபோது, சஜஸ்ட், கன்சிடர், அவாய்ட், போஸ்ட்போன் இவற்றில் செயலை மேசைமேல் வைத்து அதைப் பற்றி யோசிக்கிறோம், அதை நோக்கி நடக்கவில்லை என்று ஒரு விளக்கம் கொடுத்தார். எனக்கு அது உதவியது. மூன்றாம் வாரமே சொல்லியிருந்தால் அந்த மின்னஞ்சல் போயிருக்காது. டீச்சரிடமே இதை நேரில் சொல்லிவிட்டேன், அடுத்த முறை மாற்றுவதாகச் சொன்னார்.

இரண்டாவது, லைக், லவ், பிகின், ஸ்டார்ட் ஆகியவற்றுக்கு ஒரு முழு வகுப்பு தேவையே இல்லை. இட் ஸ்டார்ட்டட் ரெய்னிங், இட் ஸ்டார்ட்டட் டு ரெய்ன், இரண்டும் ஒன்றுதான். வுட் லைக் வந்தால் டு, ஏற்கெனவே பிகினிங் என்று இங் இருக்கும்போது இன்னொரு இங் வேண்டாம், இட்ஸ் பிகினிங் டு ரெய்ன் என்று எழுது. பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். மூன்றாவது, வீட்டுப்பாடத்தை வாங்கித் திருத்தித் தருவதில்லை, வகுப்பில் பொதுவாக விடை சொல்வதோடு சரி. பேச்சுப் பயிற்சி அறவே இல்லை. இவை எனக்குப் பெரிதாகப் படவில்லை, ஆனால் நேர்முகத் தேர்வுக்குத் தயாராகிறவருக்கு இந்த வகுப்பு போதாது. சான்றிதழும் கிடையாது, படிப்புக்காக அரசு தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கிரெடிட்டிலும் கழிக்க முடியாது, முழுப் பணமும் கையிலிருந்துதான்.

சிங்லீஷ், அதாவது சிங்கப்பூர்ப் பேச்சு ஆங்கிலம், விஷயத்தில் அவர் நடந்துகொண்ட விதம் எனக்குப் பிடித்திருந்தது. தளத்தில் "கேன் ஹெல்ப் மீ செக் ஆர் நாட்" என்று கேட்டால் எல்லோருக்கும் புரிகிறது, வேலை நடக்கிறது, அதை விட்டுவிடச் சொல்லி அவர் கேட்கவே இல்லை. அறிக்கையைப் படிப்பவர் உங்கள் முகத்தைப் பார்க்க மாட்டார், திருப்பிக் கேட்க மாட்டார், அதனால் அங்கே மட்டும் வடிவம் சரியாக இருக்கட்டும் என்றார்.

அகராதி விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வகுப்புக்குப் போகாமலேயே இதை நீங்கள் செய்யலாம். ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே தனி அகராதி இருக்கிறது. நம்மிடம் இருக்கும் ஆங்கிலம்–தமிழ் அகராதி சஜஸ்ட் என்றால் யோசனை கூறு என்று பொருள் சொல்லிவிட்டு நிற்கும். கற்போர் அகராதி, அந்தச் சொல்லுக்குப் பின்னால் டூயிங் சம்திங் வருமா, டு டூ சம்திங் வருமா என்பதையும் காட்டும். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஹார்ன்பி என்ற ஆசிரியர், ஒரு வினைக்குப் பின்னால் எந்த வடிவம் வரும் என்பதுதான் வெளிநாட்டு மாணவனுக்குத் தெரியாமல் போகிறது என்று கண்டு, வினைகளை அமைப்பு வாரியாகப் பிரித்து ஓர் அகராதி செய்தார், 1942இல் தோக்கியோவில் வந்தது, 1948இல் ஆக்ஸ்ஃபர்டு அதை வெளியிட்டது. இன்று வரை புதிய பதிப்புகள் வந்துகொண்டிருக்கின்றன. பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் பழைய புத்தகக் கடையில் ஒரு பழைய பதிப்பை ஆறு வெள்ளிக்கு வாங்கினேன். வினைகளின் அமைப்பு ஒன்றும் பதிப்புக்குப் பதிப்பு மாறிவிடாது, பழையதே போதும்.

இப்போது அறிக்கை எழுதும்போது முதலில் மனதில் தமிழில் சொல்லிப் பார்க்கிறேன், 'செய்ய'வா 'செய்வதை'யா என்று. சந்தேகம் வந்தால், அதாவது பிடிக்கும், பழகு, விடு, அதற்காக, சொன்னார் என்ற இந்த ஐந்தில் ஒன்று வாக்கியத்தில் இருந்தால், அகராதியைத் திறக்கிறேன். போன மாதம் ஒரு சேஃப்டி பெல்ட்டின் கொக்கி தேய்ந்திருந்தது. "வீ ஹாவ் ஸ்டாப்ட் யூஸிங் திஸ் பெல்ட். தி ஹுக் நீட்ஸ் சேஞ்சிங்" என்று எழுதினேன். மகளிடம் காட்டவில்லை, நேராக அனுப்பிவிட்டேன். மெயின்கானிலிருந்து ஒரு வரி பதில் வந்தது, புதிய பெல்ட் மதியம் வரும் என்று. வந்தது.

அறிக்கை, மின்னஞ்சல், பெர்மிட் விண்ணப்பம் என்று தினமும் எழுத வேண்டியவர்கள், தமிழில் பள்ளிப்படிப்பு முடித்தவர்கள் தாராளமாகச் சேரலாம். தமிழ் எழுதப் படிக்கத் தெரியாத இளம் பிள்ளைகளுக்கு இது சரிவராது, பாடமே தமிழ் வாக்கியத்திலிருந்துதான் தொடங்குகிறது. ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுப்பேன், ஒன்றைக் குறைத்தது அந்த சஜஸ்டுக்காக.

ஞாயிறு காலை 10 மணி முதல் 12.30 வரை. அறையில் ஏர்கான் கிடையாது, இரண்டு மின்விசிறிதான், ஒன்பதே முக்காலுக்குப் போனால் விசிறிக்குக் கீழே இடம் கிடைக்கும். நீங்கள் ஆங்கிலத்தில் எழுதிய பழைய மின்னஞ்சல் நான்கைந்து அச்செடுத்துக் கொண்டுபோங்கள், முதல் நாளே கேட்பார்.